ஊமை டீச்சர்

"ரொம்ப யோசிக்காதீங்க. எதுக்கு எது ஒத்துப்போகுதோ அதைப் பக்கத்துல வைங்க." இவ்வளவுதான் டீச்சர் சொல்வார். பிறகு கையுறை மாட்டிய விரல்களால் பதினைந்து நிற வில்லைகளை மேசைமேல் கலைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வார். பெட்டியில் ஒட்டியிருக்கும் நீல வில்லையில் தொடங்கி, நிறம் மெல்ல மெல்ல மாறும்படி நோயாளி அடுக்க வேண்டும். மற்றக் கண்ணைப் பிளாஸ்திரியால் மூடி, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக.

கண் மருத்துவமனையின் கடைசி அறையில் பத்தொன்பது வருடமாக இதே வேலை. சரியா தப்பா என்பதை முகத்தில்கூடக் காட்டக் கூடாது. அதனால் வெளியே காத்திருப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஊமை டீச்சர். "பரீட்சை மட்டும் வைப்பாங்க, மார்க் கேட்டா டாக்டரைக் கை காட்டிடுவாங்க" என்று ஒரு லாரி டிரைவர் அலுத்துக்கொண்டார்.

பிறவியிலேயே நிறம் பிரித்தறிய முடியாதவர்கள் சாதுவாக எழுந்து போய்விடுவார்களாம். நோயில் அதை இழந்தவர்கள்தான் விளக்கையும் வில்லையையும் குறை சொல்வார்களாம். "போனதே அவங்களுக்குத் தெரியாதுங்க. நான்தான் முதல்ல பார்க்கிறேன்" என்பார் டீச்சர்.

அன்று எதிரே உட்கார்ந்தவர் டீச்சரின் கணவர். பெயிண்ட் கடையில் நிறம் கலப்பவர். கண்ணில் அழுத்தம் கூடி நரம்பைத் தின்னும் நோய் அவருக்கு. நிறம் தப்பு என்று இரண்டு பேர் பெயிண்ட் வாளியைத் திருப்பிக் கொண்டுவந்த பிறகு, கண்ணைச் சோதித்துச் சான்று வாங்கி வந்தால்தான் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டார். வேறு யாராவது சோதிக்கட்டுமே என்று டீச்சர் டாக்டரிடம் கெஞ்சினார். வேறு ஆள் இல்லை.

"ஐயா, பிளாஸ்திரியைத் தொடாதீங்க."

"ஐயாவா? காலையில சட்டை எங்கேனு கேட்டதுக்கு வேற மாதிரி கத்தின."

டீச்சர் சிரிக்கவில்லை. வலது கண்ணில் மூன்று வில்லைகள் இடம் மாறின. இடது கண்ணில், மங்கிய பச்சைக்குப் பக்கத்தில் கத்தரிப்பூ நிறத்தை வைத்துவிட்டு அவர் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு, "இந்த லைட்டு கொஞ்சம் டல்லா இருக்கும்மா" என்றார்.

இன்னொரு முறை அடுக்க அனுமதி உண்டு. அடுக்கினார். அதே பச்சை, அதே கத்தரிப்பூ.

வில்லைகளின் அடியில் எண்கள் இருக்கும். அந்த வரிசைப்படி தாளில் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால், நல்ல கண்ணுக்கு வட்டம் வரும். டீச்சர் பேனாவை எடுத்ததும் கணவர் குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு கோடுதானே. வட்டமாவே போட்டுடேன்."

ஒரு குடும்பத்தின் அடுப்பு அந்தப் பேனா முனையில் எரிந்துகொண்டிருந்தது. கோடு வட்டத்தின் குறுக்கே பாய்ந்தது, திரும்பியது, மறுபடியும் குறுக்கே பாய்ந்தது. கடைசியில் கையெழுத்து.

அடுத்த நோயாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். டீச்சர் திரும்பவில்லை. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, கணவரின் வலது கண்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரத்தை ஈரமாக்கினார். புருவத்தில் ஒரு முடிகூட இழுபடாதபடி, கொஞ்சம் கொஞ்சமாக அதை உரிக்கத் தொடங்கினார்.