அரைக் கப்பல்

எங்கள் தீவில் முடி வெட்டும் கடை ஒன்றே ஒன்றுதான், தட்சுகோவின் கடை. போன மாதம் என் தலையில் சாயத்தைப் பூசிவிட்டு, "இதோ வந்துட்டேன்டி" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அவள் எழுந்து வருவதற்குள் என் நெற்றியும் கறுத்துவிட்டது. நன்றாகத் திட்டினேன். காதில் விழுந்தால்தானே!

அவளுக்குப் புகைப்படப் பைத்தியம். குன்றின் மேலுள்ள கோயிலருகே முக்காலித் தாங்கியை நட்டு, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி எடுப்பாள். பிறகு அந்தத் துண்டுகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒரே நீளப் படமாக ஒட்டுவாள். வருஷா வருஷம் தீவின் காலண்டரில் அதுதான் வரும். ஒரே படமாக எடுத்தால் எதிர்த் தீவுகளெல்லாம் கடுகாகிவிடுமாம்.

சிக்கல் எல்லாம் கேப்டன் ஹமாசாக்கியின் பயணிகள் கப்பலால்தான். குன்றை ஒட்டிப் போவதால் அது ஒரு துண்டில் அடங்காது. அடுத்த துண்டை எடுப்பதற்குள் நகர்ந்துவிடும். ஒரு வருஷம் பின்பாதி இல்லாத கப்பல் காலண்டரில் வந்தது. மறு வருஷம் கேமராவை எதிர்ப்பக்கமிருந்து திருப்பினாள். கப்பலும் அதே திசையில் கூடவே நகர்ந்ததில், ஒன்றின் பின்னால் ஒன்றாக இரண்டு கப்பல்!

கேப்டன் காலண்டரோடு கடைக்கே வந்துவிட்டார்.

"இதுல நான் எந்தக் கப்பல்ல இருக்கேன்?"

"நிக்காம ஓடினா நான் என்ன பண்றது, கேப்டன்?"

"நடுக்கடல்ல நிறுத்தச் சொல்றியா? ஒரு நிமிஷம் லேட்டா போனவன் இல்ல நான்!"

"அப்ப அரைக் கப்பலோட இருங்க."

"வேற நாள் எடுத்ததை வெட்டி ஒட்டேன்."

"சவுரி வெக்கச் சொல்றீங்களா? உங்க தலைக்கு வேணா வெச்சு விடறேன்."

வழுக்கையைத் தடவிக்கொண்டு நேரே என் நூடுல்ஸ் கடைக்கு வந்தார். கிண்ணம் ஆறிக்கொண்டிருந்தது, அவர் தொடவில்லை. "மார்ச்சோட ஓய்வு. ஆயுசு பூரா ஓட்டியிருக்கேன். வீட்டுச் சுவத்துல மாட்ட முழுசா ஒரு கப்பல் இல்ல" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது.

அவருடைய கடைசி நாளில் மாவு மூட்டைகளோடு நானும் அந்தக் கப்பலில் வந்தேன். நீரோட்டம் அடங்கியிருந்தது. குன்றுக்கு எதிரே வந்ததும் கப்பல் நின்றது. போச்சு, எஞ்சின் கெட்டுவிட்டது என்று பதறினோம். ஒலிபெருக்கியில் கேப்டன் குரல் வந்தது: "யாரும் அசையாதீங்க. தயவுசெஞ்சு."

மேலே கோயிலருகே தட்சுகோவின் சிவப்புச் சட்டை தெரிந்தது. மூக்கு அரித்தும் நான் சொறியவில்லை. அன்றே ஒட்டிவிட்டாள், முன்முனையிலிருந்து பின்முனை வரை ஒரே கப்பல், பிசிறில்லாமல்.

ஆனால் கரை சேரும்போது தாமதமாகியிருந்தது. கேப்டன் இறங்கும் பலகையருகே தொப்பியைக் கழற்றிவிட்டு நின்று, ஒவ்வொருவரிடமும் குனிந்து, "லேட்டாயிடுச்சு, மன்னிக்கணும்" என்றார். எல்லோரும் பதிலுக்குக் குனிந்துவிட்டுப் போனார்கள். என் முறை வந்தது. அழ வேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம்தான் வரும்.

"மன்னிக்க முடியாது. நாளைக்கும் லேட்டா வந்து கேளுங்க" என்றேன்.

குனிந்த தலையை அவர் நிமிர்த்தவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவும் இல்லை.