காற்றாலை சொன்ன இறந்தகாலம்

ஆஃப்யே ரோஸ்கம் எங்கள் ஊருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்ததற்குக் காரணமே கெர்பிராண்டின் வாய்தான்.

எங்கள் ஊர் மாவு அரைக்கும் காற்றாலையைப் பார்த்துக்கொள்கிறவர் கெர்பிராண்ட். சனிக்கிழமை என்றால் பஸ் பஸ்ஸாக வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்குவார்கள். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தமே இரண்டு வார்த்தை. சுழலும் இறக்கையைக் காட்டுவார், எதிரே நிற்பவரைக் காட்டுவார், "யூ டெட்" என்பார். கிட்டே போனால் அடித்துவிடும் என்று எச்சரிக்கிற நல்லெண்ணம்தான். ஒரு ஜப்பானியப் பெண் அழுதுகொண்டே பஸ்ஸில் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகுதான் காற்றாலைச் சங்கத் தலைவி வில்மிங்க் அம்மாள் அல்க்மார் பட்டணத்திலிருந்து டீச்சரைப் பிடித்து வந்தார். சீஸ் கடைக்காரியான நானும் வகுப்பில் சேர்ந்தேன். என் கடைக்கும் அதே பஸ்தானே வருகிறது.

ஆஃப்யே துலிப் கிழங்கு பயிரிடும் வீட்டுப் பெண். சிறுவயதில் இங்கிலீஷில் இரண்டு தடவை ஃபெயில். கிழங்கு வாங்க வரும் இங்கிலாந்து வியாபாரி ஏதோ சொல்ல, அவள் அண்ணன்மார் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். தன்னைத்தான் கேலி பண்ணுகிறார்கள் என்று வைராக்கியம் பிடித்துப் படித்திருக்கிறாள். படித்து முடித்த பிறகுதான் தெரிந்தது, வியாபாரி சொன்னது அத்தனையும் மழையைப் பற்றி. அண்ணன்மார் ஒரு வார்த்தைகூடப் புரியாமல்தான் சிரித்திருக்கிறார்கள். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் வெகுகாலம் வேலை பார்த்தாள். தலைமையாசிரியர் இங்கிலீஷில் அனுப்பிய சுற்றறிக்கையைச் சிவப்பு மையால் திருத்தி, பத்துக்கு நாலு மார்க் போட்டு அவருக்கே திருப்பி அனுப்பினாள். வேலை போயிற்று. "நாலு கொஞ்சம் தாராளம்தான்" என்று இப்போதும் சொல்வாள்.

முதல் வகுப்பு சர்ச் கூடத்தில் நடந்தது. இது பேனா, அது மேசை என்று ஆரம்பித்தாள். கெர்பிராண்டின் கூட்டாளி சீம் கையைத் தூக்கினான்.

"டீச்சர், ஆலையில யாரும் பேனாவ அரைக்கறதில்ல."

"அப்ப எங்க போவோம்?"

"ஆலைக்கே போவோம்."

அடுத்த வாரத்திலிருந்து வகுப்பு காற்றாலைக்குள்ளே. மூட்டையைத் தொட்டால் மூட்டைக்கு இங்கிலீஷ், கல்லைத் தொட்டால் கல்லுக்கு இங்கிலீஷ். மேலே, கீழே, பின்னால், நடுவில் என்பதையெல்லாம் சொல்லிக்கொடுக்க சீமை ஒளிந்துகொள்ளச் சொன்னாள். அவன் எங்கே என்று நாங்கள் முழு வாக்கியத்தில் சொன்னால்தான் வெளியே வரலாம். ஒருநாள் யாருக்கும் சரியான சொல் வாயில் வராமல், பாவம், பல்சக்கரத்துக்குப் பின்னால் குந்தியே கிடந்தான்.

உள்ளே எங்கள் தாய்மொழி டச்சு பேசினால் அன்றைக்கு எல்லாருக்கும் காபி கலக்க வேண்டும் என்பது சட்டம். கெர்பிராண்ட் வாயையே திறப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டார். சில வாரம் கைஜாடையிலேயே காலம் தள்ளினார். பிறகு ஒரு மத்தியானம் திடீரென்று காற்று ஏறியது. இறக்கைகள் தறிகெட்டுச் சுற்ற, மாடியிலிருந்து "பிரேக், பிரேக்" என்று கத்தினார். கீழே பிரேக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்ற சீம் கையிலிருந்த பிஸ்கட்டை இரண்டாக உடைத்து ஒரு பாதியை மேலே நீட்டினான்.

கெர்பிராண்டே இறங்கி ஓடிவந்து கயிற்றை இழுத்தார். ஆலை நின்றதும், சீமின் தாத்தாவிலிருந்து ஆரம்பித்து வரிசையாகத் திட்டித் தீர்த்தார், சுத்தமான டச்சில்.

ஆஃப்யே பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காபி உங்க பங்கு கெர்பிராண்ட். ஆனா ரெண்டு பேரும் பாஸ். சத்தம் ஒண்ணுதான், எழுத்துதான் வேற" என்றாள்.

வம்பு வந்தது வினைச்சொல்லின் காலங்களில்தான். எங்கள் பக்கத்தில் நிறுத்திவைத்த இறக்கையும் பேசும். கீழ்ப்பக்க இறக்கை அடிமட்டத்தைத் தொடக் கொஞ்சம் பாக்கி இருக்கும்போது நிறுத்தினால் வீட்டில் கல்யாணம், பிறப்பு, ஏதோ நல்லது வருகிறது. அடியைத் தாண்டிச் சற்றே மேலேறியதும் நிறுத்தினால் துக்கம், யாரோ போய்விட்டார்கள். இதைக் கேட்டதும் ஆஃப்யேவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இதைவிட நல்ல இலக்கணப் புத்தகம் வேணுமா? வரப்போறது எதிர்காலம். தாண்டிப் போனது இறந்தகாலம். சீம், இறந்தகாலத்துல நிறுத்துங்க."

சீம் நிறுத்தினான். ஆளுக்கு ஐந்து வாக்கியம் சொன்னோம். வாய் வறண்டுபோய்க் காபி குடிக்கக் கீழே இறங்கினோம். இறக்கையை மாற்றி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

காபியை முடித்து வெளியே வந்தால், கால்வாய்க்கு அக்கரை ஆலையும் துக்கத்தில் நிற்கிறது. அதற்கு அப்பால் இருந்ததும் அப்படியே. கெர்பிராண்ட் தொப்பியைக் கழற்றினார்.

"யாரோ போயிட்டாங்கடா சீம்."

"வேற யாரு, டியூனிஸ் மாமாவாத்தான் இருக்கும். நாலு நாளா நெஞ்சுச் சளினு படுத்துக் கிடந்தாரு."

முதலில் துக்கம் சொன்னதே எங்கள் ஆலைதான், மற்றவை மரியாதைக்காகப் பின்னால் சேர்ந்துகொண்டன என்பது எங்கள் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. ஆஃப்யே உட்பட எல்லாரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஊரே மாமா என்று கூப்பிடுகிற டியூனிஸ் வீட்டுக்குப் போனோம். வாசலில் அதற்குள் பாதி ஊர் நின்றது. துக்க வீட்டுக்குக் கொண்டுபோகிற கேக் மட்டும் ஏழெட்டு வந்திருக்கும். வில்மிங்க் அம்மாள் வெள்ளைப் பூ வைத்திருந்தார். மணியை அழுத்த எல்லாருக்கும் தயக்கம். அந்த நேரத்தில் கெர்பிராண்ட், டீச்சர் பக்கத்தில் நிற்கிறாள் என்ற பயத்திலோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டு இங்கிலீஷில் சொன்னார்: "ஹி வாஸ் குட் மேன்."

கதவு திறந்தது. கம்பளிச் சட்டையோடு டியூனிஸ் மாமா.

"என்னடா, ஊரே திரண்டு நிக்குது? யாருக்கு என்ன ஆச்சு?"

அவர் கேக்குகளைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், கெர்பிராண்டின் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார்.

"இவன் என்னமோ சொன்னானே, என்னது?"

"நீங்க நல்லவரா இருந்தீங்கன்னு சொன்னாரு. இருக்கீங்கன்னு சொல்லியிருக்கணும். திருத்திடுறேன்" என்றாள் ஆஃப்யே.

மாமாவுக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. "சரி, கேக்கு வந்ததே வந்துடுச்சு, எல்லாரும் உள்ள வாங்க. நான் செத்திருந்தா என்னைப் பத்தி என்னென்ன பேசியிருப்பீங்களோ அதை இப்பவே பேசிடுங்க. கஞ்சன்னு சொல்றவனுக்குக் கேக்கு கிடையாது."

அன்று நிறையப் பேர் கேக் சாப்பிடாமல்தான் வீட்டுக்குப் போனார்கள்.

ஆனால் வில்மிங்க் அம்மாள் சிரிக்கவில்லை. மறுநாளே சங்கத்தைக் கூட்டினார். "துக்கம் விளையாட்டுப் பொருள் இல்ல. டீச்சர நிறுத்திடலாம்" என்றார். அதில் நியாயம் இருந்தது. அவர் கணவர் காலமான வாரம் முழுக்க எங்கள் ஆலை அவருக்காகத் துக்கத்தில் நின்றிருக்கிறது. ஆஃப்யேவின் முகத்தில் வழக்கமான குறும்பு ஒரு துளியும் இல்லை. எழுந்து நின்று, "எனக்கு இது புத்தகம் மாதிரி தெரிஞ்சுது. உங்களுக்கு அது எப்பேர்ப்பட்டதுன்னு நான் யோசிக்கல. தப்பு என்னோடது" என்றாள். சீமின் பெயரை எடுக்கவே இல்லை.

அப்போது டியூனிஸ் மாமா மப்ளரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

"செத்தவன் நானு. எனக்கே கோபம் இல்ல. இந்தப் பொண்ணு போனா நான் யாருகிட்டப் படிக்கிறது?"

"நீங்க எதுக்கு மாமா படிக்கணும்?" என்றார் வில்மிங்க் அம்மாள்.

"கெர்பிராண்ட் என்னைப் பத்தி இங்கிலீஷ்ல பேசறான். எனக்குப் புரிய வேண்டாமா?"

ஓட்டெடுப்பில் ஆஃப்யே தப்பித்தாள். பாடத்துக்காக இறக்கையைத் தொடக்கூடாது என்று மட்டும் தீர்மானம் ஆயிற்று. அடுத்த வாரம் அவளே மரத்தில் ஒரு சின்னக் காற்றாலை செய்துகொண்டு வந்தாள். அது மேசைமேல் நின்றபடி எந்தக் காலத்தையும் காட்டும், ஊருக்குத் தெரியாது. முதல் நாளே அதைத் தொட்டுப் பார்க்க வந்தவர் வில்மிங்க் அம்மாள்தான். கணவரைப் பற்றி இறந்தகாலத்தில் மூன்று வாக்கியம் சொன்னார். ஆஃப்யே எதையும் திருத்தவில்லை.

டியூனிஸ் மாமாதான் வகுப்பிலேயே மோசமான மாணவர். இறந்தகாலம் எனக்கு ஒத்துவராது என்று பிடிவாதம். போன சனிக்கிழமை கெர்பிராண்ட் ஒரு பஸ் கூட்டத்தை நிறுத்தி, "தயவுசெய்து இறக்கைகளுக்கும் சுவருக்கும் நடுவில் நிற்காதீர்கள்" என்று அழகான இங்கிலீஷில் முழு வாக்கியம் சொன்னார். கூட்டம் தலையாட்டிவிட்டு, சரியாக நடுவில் போய் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது.