காவிளாய் பூப்பதற்குள்

ஷெல் குண்டுகள் விழத் தொடங்கிய வருடம், ஆடுகளை அவிழ்த்துவிட்டு, வீட்டைப் பூட்டி, திறப்பை அம்மாவின் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு வந்தோம். எனக்கு அப்போது ஏழு வயது. அப்பா செம்மண்ணில் புகையிலையும் வெங்காயமும் வைத்தவர். தென்மராட்சியின் வெண்மணலில் நடக்கும்போதே அவருக்கு முகம் சுருங்கிவிடும். அந்த மணல் ஏதோ தனக்குத் துரோகம் செய்துவிட்டதைப் போலத்தான் அதைப் பற்றிப் பேசுவார்.

இரண்டு கிழமையில் திரும்பிவிடலாம் என்றார். இரண்டு கிழமை போய் மாரி வந்தது. நாங்கள் ஒதுங்கியிருந்த வளவுக்குச் சொந்தக்காரியான பெரியம்மா, பின்னால் புதர் மண்டிக் கிடந்த பற்றைக் காணியில் ஏதாவது செய்துகொள்ளச் சொன்னார். அப்பா ஒரு துண்டை வெட்டி, காயவிட்டு, எரித்து, மரவள்ளித் தடி ஊன்றினார். பற்றை எரிந்த சாம்பலுக்கு முதல் வருடம் கிழங்கு என் கைப் பருமனில் விழுந்தது. மறு வருடம் விரல் பருமன்தான். கடைகளில் பசளை, உரம் எதுவும் கண்ணில் படாத காலம் அது. அதன் பிறகு கோரைப் புல் மட்டும் அமோகமாக விளைந்தது.

பெரியம்மா வந்து பார்த்தார்.

"தம்பி, உந்தத் துண்டை இனி விடுங்கோ. பக்கத்துத் துண்டை வெட்டுங்கோ. கோரை போய்க் காவிளாய் வரவேணும், பிறகு ஆவரசு, பற்றை எல்லாம் மூடவேணும். ஏழெட்டு வருசம் விட்டால்தான் உது திரும்ப மண்ணாகும்."

காவிளாய்ச் செடியைப் பற்றி அப்பாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரில் அதைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து மண்ணுக்கு உரமாகக் குழையோடு புதைத்துத் தாழ்ப்பார். பிறகு அந்த மண்ணில் வெறுங்காலுடன் நடந்து பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொள்வார். அன்று மட்டும் அவருக்குக் கோபம் வந்தது.

"ஏழெட்டு வருசமோ? உதிலை காவிளாய் பூக்க முதல் நாங்கள் ஊருக்குப் போயிடுவம், அக்கா."

நான் அதை அப்படியே நம்பினேன். நாங்கள் போவது முந்த வேண்டும், காவிளாய் பூப்பது பிந்த வேண்டும். காவிளாய் முந்திக்கொண்டால் எங்கள் பயணம் கெட்டுவிடும். அப்பாவால் விரைவாகச் செய்ய முடியாததை, காவிளாயைத் தாமதப்படுத்தி நான் செய்யலாம் என்று கணக்குப் போட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தத் துண்டுக்குப் போவேன். காவிளாய் முளைத்து நாலு இலை விட்டதுமே பிடுங்குவேன். தப்பி வளர்ந்தவை லேசில் வராது, வேர் ஆழத்துக்குப் போயிருக்கும். இரண்டு கையாலும் இழுத்து இழுத்து உள்ளங்கை காய்த்துப்போனது. பிடுங்கியதை வேலிக்கு அப்பால் எறிந்துவிடுவேன். அந்த மண்ணைத் தேறவிடாமல் செய்தவள் நான்தான் என்பதை நினைக்க இன்றும் வேதனையாக இருக்கிறது.

பெரியம்மாவுக்கு அது விளங்கவில்லை. "சுத்திவர எல்லா இடமும் நிக்குது. உந்தத் துண்டிலை மட்டும் ஒண்டையும் காணேல்லையே, தம்பி" என்றார். நான் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அப்பா குனிந்து மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாரியில் எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் பாயோடு கிடந்தேன். காய்ச்சலைவிட அந்தத் துண்டின் நினைப்புத்தான் என்னை வாட்டியது. இந்த மழைக்கு எல்லாம் முளைத்து வளர்ந்து மொட்டும் விட்டிருக்கும். எழுந்து நடக்க முடிந்த முதல் காலையிலேயே, அம்மா அடுப்படியில் நின்ற நேரம் பார்த்து ஓடினேன்.

அப்பா அங்கே குந்தியிருந்தார். பக்கத்தில் வேரோடு பிடுங்கிய காவிளாய் குவிந்து கிடந்தது. ஒன்றிரண்டில் ஊதா மொட்டு தெரிந்தது. என்னைக் கண்டதும் திடுக்கிட்டு எழுந்தார்.

"ஆட்டுக்கு, பிள்ளை" என்றார்.

எங்களிடம் ஆடு இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவேயில்லை. அப்பாடா, ஒன்றும் பூக்கவில்லை என்ற நிம்மதிதான் இருந்தது. அவர் காணாமல் விட்ட இரண்டு செடிகளை நானும் பிடுங்கி, அவருடைய குவியலில் போட்டேன்.

அப்பா என் கையைப் பிடித்தார். உள்ளங்கையைத் திருப்பி, காய்த்திருந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார். நெடுநேரம் கையை விடவில்லை. காய்ச்சல் விட்டுவிட்டதா என்று பார்க்கிறார் என நினைத்துக்கொண்டு நானும் கையை நீட்டியபடியே நின்றேன்.