முழங்கைக்கு ஒரு பல் செட்

போன வருடம் அவர் ஓடி வந்து சேர்ந்தபோது எல்லைக்கோடு இருந்தது, வளைவு இல்லை. காற்றடித்து நிறுத்தும் பெரிய நீல வளைவு. அதன் கீழே இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடுவதற்காகத்தான் மனிதர் அத்தனை மாதம் விடிவதற்கு முன் எழுந்தார். அது காற்றுப் போய்த் தரையில் கிடந்தது. இரண்டு பேர் அதைப் பாய் மாதிரி சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தலையைத் தூக்காமலே, "அண்ணே, மிதிக்காம ஓரமா போங்க" என்றான்.

அவர் ஓரமாகப் போனார். முதலில் நீச்சல், பிறகு சைக்கிள், கடைசியில் ஓட்டம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் டிரையத்லான் போட்டியில் அவர் முதன்முதலாகக் கலந்துகொண்டது அப்படி முடிந்தது.

பல் செட் செய்வது அவர் தொழில். பல் மருத்துவமனையின் பின்னறையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, மெருகேற்றும் சக்கரம், அலமாரி நிறைய வாயைத் திறந்தபடி பிளாஸ்டர் அச்சுகள். டாக்டரம்மா முன்னறையில் அளவெடுத்து அனுப்புவார். இவர் பொடியும் திரவமும் குழைத்து ரோஜா நிறத்தில் ஈறு செய்து, பல் பதித்துத் திருப்பி அனுப்புவார். ஊரில் எத்தனையோ பேர் இவர் செய்த பல்லால் மென்றார்கள், சிரித்தார்கள், சண்டை போட்டார்கள். அவர்களில் ஒருவர் முகமும் இவருக்குத் தெரியாது. அவர்களுக்கும் இவரைத் தெரியாது. ஐம்பதை நெருங்கும் வயதில், நாலு பேர் பார்க்க ஏதாவது ஒன்றை முடித்துக்காட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில் தப்பில்லை.

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயிற்சிக் காரில் அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பழக்கத்தில், வீட்டில் டிவியில் யாராவது வேகமாக வண்டி ஓட்டினால்கூட வலது காலால் தரையை அழுத்துவாள். போன வருடத் தோல்விக்குக் காரணத்தை அன்று மாலையே சொல்லிவிட்டாள்.

"உங்க காலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. கைதான் கெடுக்குது. அவ்வளவு நல்ல இறக்கத்துல யாராவது பிரேக் பிடிப்பாங்களா?"

"நாய் படுத்திருந்துச்சு."

"அது ஓரமா படுத்திருந்துச்சு. உங்களைப் பார்த்து எந்திரிக்கக்கூட இல்ல."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழியைத் தூக்கி சைக்கிள் தலையில் போட்டார். யாரோ ஓட்டித் தள்ளிவிட்ட பழைய ரோடு பைக் அது. போட்டிக்கு வருகிறவர்களின் சைக்கிள்களைப் படத்தில் பார்த்தார். ஒரு சக்கரத்தின் விலையில் மனைவியின் பயிற்சிக் காரைப் புதுப்பித்துவிடலாம். "வாஷிங் மெஷினுக்கு எடுத்து வெச்சதைத் தொடாதீங்க. மிச்சத்துல என்ன வேணா பண்ணிக்குங்க" என்றாள் அவள். மிச்சத்தில் நல்லதாக ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கலாம்.

ஆகவே செலவில்லாத வேலைகளிலிருந்து ஆரம்பித்தார். சீட்டை முன்னால் தள்ளினார். ஹேண்டில்பாரைத் தாழ்த்தினார். எடை குறையும் என்று மணியையும் ஸ்டாண்டையும் கழற்றினார்.

"அதுக்கு ராத்திரி ரெண்டாவது தடவை தட்டுல போட்டுக்காம இருந்தாலே போதும்" என்றாள் மனைவி.

அப்போதுதான் சைக்கிள் கடைக்காரர் ஒரு ஜோடி கம்பியை எடுத்து வைத்தார். ஹேண்டில்பாருக்கு மேல் மாட்டுவது. முழங்கைகளை அதில் ஊன்றி, குனிந்து, முன்னால் நீளும் கம்பியின் நுனியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"பெரிய இடத்து வண்டியிலருந்து கழட்டினது சார். மாட்டிக்கிட்டா காத்து உங்களுக்கு வழி விட்டு ஒதுங்கும்."

"முழங்கை வைக்கிற இடத்தைக் காணோமே?"

"அந்தக் கிண்ணம் ரெண்டும் தொலைஞ்சிடுச்சு. இருந்திருந்தா உங்ககிட்டயா சார் நின்னு பேசிட்டிருப்பேன்?"

கிண்ணம்தானே, நானே செய்துகொள்கிறேன் என்று வாங்கி வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னறையில் மனைவியைத் துணைக்கு வைத்துக்கொண்டு தன் முழங்கைகளுக்கு அளவெடுத்தார். இரண்டு தட்டு நிறைய அளவு மாவு குழைத்து, கைகளை அமுக்கி வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"நல்லாக் கடிச்சுக்குங்க" என்றாள் மனைவி.

அச்சு வார்த்து, ரோஜா நிறத்தில் இரண்டு கிண்ணம் செய்தார். திருகாணிக்கும் செலவு வைக்காமல், அதே பொடியையும் திரவத்தையும் குழைத்துக் கம்பியோடு ஒட்டினார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. தொழிலில் அவருக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான்: அவர் செய்த செட் வாயில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பசை வேண்டாம். ஓரம் பிசகாமல் இருந்து கொஞ்சம் ஈரமும் சேர்ந்தால், உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு விடாது.

பயிற்சியின்போது வெயிலுக்காக முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். கிண்ணங்கள் மெத்தை போல இருந்தன. ஆனால் தெருவில் ஒரு காகிதம் பறந்தாலும் கையை எடுத்துப் பிரேக்குக்குத் தாவினார். பின்னால் பயிற்சிக் காரில் வந்த மனைவி ஜன்னல் வழியே, "கையை எடுக்காதீங்க" என்று கத்தினாள். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த பெண்மணி தன்னைத்தான் சொல்கிறாள் என்று ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

போட்டிக்கு முந்தின நாள் இரண்டு கைகளிலும் ரோமத்தை மழித்தார். காற்று தடுக்காதாம். செலவு ஒரு பிளேடு.

"மீசை?"

"அதுல காத்து படாது."

"எதுலதான் படப்போகுது நீங்க போற வேகத்துக்கு" என்றாள்.

மறுநாள் காலை ஏரியிலிருந்து ஏறக்குறைய கடைசி ஆளாகக் கரையேறினார். கையில்லாத பனியன், மழித்த கை, சொட்டும் தண்ணீர். சைக்கிளில் ஏறிக் குனிந்து முழங்கைகளை வைத்தார். 'சப்' என்று ஒரு சத்தம். வருடக்கணக்காகக் கேட்ட சத்தம். நல்ல செட் வாயில் உட்காரும் சத்தம். அந்தக் கணத்தில் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் இறக்கம் வந்தது. பிரேக் பிடிக்கக் கையை எடுத்தார். கை வரவில்லை.

இழுத்தார், நெளித்தார். செட்டைக் கழற்ற வழி அவருக்குத் தெரியும். ஓரத்தில் ஊதிக் காற்றைப் புகவிட வேண்டும், அவ்வளவுதான். தன் முழங்கையைத் தன் வாயால் எட்ட முடியாது என்பதை அப்போது கண்டுகொண்டார். வியர்வை வேறு சேர்ந்து பிடி இறுகியது.

ஏரியைச் சுற்றிப் போகும் பாதை, பெரிய திருப்பம் கிடையாது, அந்த மட்டில் பிழைத்தார். இறக்கங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஆட்களை முந்தினார். முந்திய ஒவ்வொருவரிடமும் "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். "சூப்பரா குனிஞ்சிருக்கீங்க சார்" என்றார் ஒருவர். போன வருடத்து நாய் அதே இடத்தில் படுத்திருந்தது. இந்த முறை எழுந்து நின்றது.

சைக்கிளை விட்டு இறங்கும் இடத்தில் இரண்டு ஷூக்களையும் தரையில் தேய்த்துத் தேய்த்து நிறுத்தினார். அங்கே நின்ற தொண்டர் பெண், "இறங்குங்க சார்" என்றாள்.

"முடியல. பிடிச்சுக்கிச்சு."

அவள் சட்டென்று உட்கார்ந்து அவர் கெண்டைக்காலைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"கால் இல்லம்மா. கை."

விஷயம் புரிந்ததும் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். 'டக்' என்று ஒட்டு விட்டது. கம்பி சைக்கிளோடு நின்றது. கிண்ணங்கள் கையோடு வந்தன.

அப்படியே ஓடினார். ஓட்டத்தில் எந்த உதிரிப் பாகத்தையும் மாற்ற முடியாதே. சைக்கிளில் அவர் முந்தியவர்கள் இப்போது ஒவ்வொருவராக அவரைக் கடந்தார்கள். சம்பாதித்த நேரம் கண்ணெதிரே கரைந்தது. கடைசித் திருப்பத்தில் திரும்பியபோது அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. தெருக்கோடியில் நீல வளைவு நின்றுகொண்டிருந்தது. அதன் காலடியில் காற்றடிக்கும் மோட்டார். அதன் பக்கத்தில் போன வருடத்து அதே ஆள், குனிந்தபடி.

"தம்பி, இன்னும் ஒருத்தர் வர்றார்" என்றாள் மனைவி. அவள் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"எல்லாரும் வந்தாச்சுக்கா. லாரி நிக்குது." அவன் கை சுவிட்சில் இருந்தது.

"அதோ பாரு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். இரண்டு முழங்கைகளிலும் ரோஜா நிறத்தில் ஏதோ மின்ன, ஒரு மனிதர் கைகளை விரித்தபடி ஆடி ஆடி வந்துகொண்டிருந்தார். அவன் சுவிட்சை மறந்தான்.

"என்னக்கா அது, அவர் கையில?"

"பல் செட்டு."

"முழங்கையிலயா?"

அவன் அதை யோசித்து முடிப்பதற்குள் அவர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, நிமிர்ந்து நின்ற வளைவின் கீழே வந்து சேர்ந்தார். படம் எடுப்பவர் எப்போதோ போயிருந்தார். அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. அண்ணாந்து வளைவையே பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"நல்லா இருக்குல்ல?" என்றார்.

"நல்லா இருக்கு. கையைக் குடுங்க" என்றாள். பிடித்து இழுத்தாள். அசையவில்லை.

"இழுக்காத. ஓரத்துல வாயை வெச்சு ஊது. காத்து உள்ள போகணும்."

அவள் அவர் முழங்கையில் உதட்டை வைத்து ஊதினாள். வளைவுக்காரன் மோட்டாரை அணைத்தான். 'ப்ளக்' என்று ஒரு கிண்ணம் கழன்று விழுந்தது. தலைக்கு மேல் வளைவு பெருமூச்சு விட்டு, தளர்ந்து, இரண்டு பேர் மேலும் மெதுவாக வந்து கவிந்தது. உள்ளே ஒரே நீலம்.

"அண்ணே, அக்கா, அப்படியே நில்லுங்க. மிதிச்சிடாதீங்க" என்று வெளியே குரல் கேட்டது.

"அடுத்த கை" என்றாள் மனைவி.