பின்குசினிக்கு வராத துண்டு

யுத்தம் ஓய்ந்து, தூர இடத்து ஆட்கள் பஸ் பஸ்ஸாக வரத் தொடங்கியிருந்த காலம். கல்லடியில் வாவியோரச் சாப்பாட்டுக் கடையொன்றில் காசுமேசை வேலை எனக்கு. களுவாஞ்சிக்குடியில் கொஞ்சக் காலம் கம்பியூட்டர் படித்திருந்தேன். அந்தத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

முதலாளி பில் மெசின் வாங்கியபோது, எந்தச் சாப்பாடு எந்தப் பிரிண்டருக்குப் போக வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். மேசையில் கேட்டதைத் திரையில் தட்டினால் போதும், ஓடர் துண்டு தானாக உரிய இடத்தில் அச்சாகும். தேத்தண்ணியும் ஜூசும் என் பக்கத்தில். கொத்துரொட்டி தெருப்பக்க அடுப்பில். சோறும் கறியும் பின்குசினியில். மத்தியானங்களில் வாவியின் வெளிச்சம் கூரையில் நெளிந்துகொண்டிருக்கும். மூன்று மூலையிலும் மாறி மாறிக் கிர்ர் என்ற சத்தம். ஒருவரும் கத்தாத கடை. கண் திறந்தபடியே தூங்குவதுபோல ஒரு சுகம் எனக்கு.

மெசினுக்கு முன்னால் அங்கே ஒரு பழக்கம் இருந்தது. நாங்கள் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். ஆத்துமீன் கேட்டால் பரிமாறுகிறவர்கள் பின்குசினியைப் பார்த்துக் கத்துவார்கள். கடல்மீன் கேட்டால் தெருப்பக்கச் சமையல்காரரிடம் ஓடுவார்கள். எனக்கு அது வெறும் குளறுபடியாகத் தெரிந்தது. மீன்கறி முழுவதையும் ஒரே பிரிவாக்கிப் பின்குசினிக்கு அனுப்பிவிட்டேன்.

மெசின் ஓடிய முதல் நாள் மத்தியானமே கடல்மீன் வரவில்லை. மேசைகளில் முணுமுணுப்பு. உள்ளே போனேன். பிரிண்டரில் கடல்மீன் துண்டுகள் மட்டும் வாலாகத் தொங்கின. பின்குசினியில் சமைக்கும் மாமி வாவிப்பக்கப் படியில் உட்கார்ந்திருந்தா. எனக்குக் கோபம்.

"என்ன மாமி, கடல்மீன் மட்டும் உங்களுக்கு என்ன பாவம் செஞ்சது?"

அவ தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னா. "சுனாமியில என்ட ரெண்டு புள்ளைகளும் போயிட்டுதுகள், மகள். உடம்பு கிடைக்கல்ல. கடல்மீன அறுக்க எனக்குக் கை வராது."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

முதலாளியிடம் சொன்னேன். "பாவம்தான். ஆனா ஒருத்திக்காக மெசின மாத்த ஏலுமா? சமைக்க ஏலாட்டி வேற ஆள் பாப்பம்" என்றார்.

"மாத்த ஏலும்" என்று சொல்லிவிட்டு, அவர் பதில் சொல்லுமுன் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். மீன்கறியை இரண்டாகப் பிரித்து, கடல்மீனைத் தெருப்பக்கப் பிரிண்டருக்குத் திருப்பினேன். அவ்வளவுதான் வேலை. முதலாளி முகத்தைச் சுளித்தார். ஆனால் மீன் மேசைக்கு வரத் தொடங்கியதும் தன்பாட்டில் போய்விட்டார்.

பின்னேரம் மாமி காசுமேசைக்கு வந்தா. மெசினை முன்னும் பின்னும் பார்த்தா.

"இதுக்கிட்ட என்ன சொன்ன நீ?"

"கடல்மீன் துண்டு பின்னுக்கு வரப்படாது எண்டு."

"ஏனெண்டு கேக்கல்லையா?"

"அது கேக்காது, மாமி."

"புதுசா வேலைக்கு வாற ஒவ்வொருத்தனும் ஏனெண்டு கேப்பான். ஒவ்வொருத்தனுக்கும் நான் முதல்ல இருந்து சொல்லோணும்."

மெசினின் தலையில் மெல்லக் கை வைத்துவிட்டு உள்ளே போனா. அதன்பிறகு எத்தனையோ பேர் புதிதாக வேலைக்கு வந்தார்கள். ஒருவரும் அவவிடம் கேட்க வேண்டி வரவில்லை. கடைசியாக அவவைச் சொல்ல வைத்தவள் நான்தான்.