சித்திக்கு மூன்று இடுப்பு

ஓவியக் கல்லூரியில் சித்திக்கு நிற்பதுதான் வேலை. மாணவர்கள் பார்த்து வரைவதற்காக ஒரு மரமேடையில் அசையாமல் நிற்பாள். இடைவேளைக்கு இறங்கும்முன் பாதங்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுவார்கள். திரும்பி வந்ததும் அந்தக் கோட்டுக்குள்ளேயே பாதங்களை வைக்க வேண்டும். “செருப்புக்கு அளவு எடுக்கிற மாதிரி,” என்பாள். வீட்டில் முதல் பட்டதாரி நான். நான் படித்ததில் அந்தக் கால்களுக்கும் பங்குண்டு. ஆனாலும் அவள் வேலையை யாராவது கேட்டால், ஒரே வாக்கியத்தில் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

அந்த மாதம் அவளுடைய வலது முழங்கால் மக்கர் செய்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. உட்கார்ந்து காட்ட ஏற்கெனவே ஓர் ஓய்வுபெற்ற தபால்காரர் இருந்தார். நிற்க முடியாதென்றால் வேலை போய்விடும்.

ஒரு படம் முடியும்வரை அன்றாடம் அதே நிலையில்தான் நிற்க வேண்டும். பாதங்கள் கோட்டுக்குள்தான் இருந்தன. உடம்பின் பாரம் மட்டும் நாளுக்கு நாள் இடதுகாலுக்கு மாறியது. மாணவர்கள் தங்கள் கண்தான் தப்பு என்று நினைத்து, அழித்து அழித்துத் திருத்திக்கொண்டார்கள்.

கடைசி நாள் அவளை அழைத்துவர நான் போயிருந்தேன். ஒவ்வொரு படமாகப் பார்த்துவந்த ஆசிரியர், மூலையில் ஒரு பெண்ணின் தாளருகே நின்றுவிட்டார். பென்சில் பட்டதா இல்லையா என்பதுபோன்ற கோடுகள். எதையும் அவள் அழித்திருக்கவில்லை. ஜன்னல் பக்கம் சாய்த்தபோதுதான் எனக்கும் தெரிந்தது. வலது இடுப்பு, ஒன்றின்கீழ் ஒன்றாக மூன்று இடத்தில். அதற்கு ஈடுகொடுத்து இடது தோளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தது.

“இதுல எதும்மா சரி?”

“மூணுமே சரி சார். அக்காதான் இறங்கிட்டே வந்தாங்க.”

“ஒரே ஆளுக்கு மூணு இடுப்பா!” என்று பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான்.

சித்தி மேடையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். தன்னை வரைந்த படங்களை அவள் அதிகம் கண்டுகொள்வதில்லை. ‘எல்லாத்துலயும் என் மூக்கு பெருசு’ என்பதோடு அவள் விமர்சனம் முடிந்துவிடும். இதைக் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். நானாக இருந்தால் கோட்டின் அழகைப் பார்த்திருப்பேனா, காட்டிக்கொடுத்துவிட்டதே என்று பொருமியிருப்பேனா, தெரியவில்லை.

“கீழ இருக்கிற இந்தக் கோடு எப்போ போட்டது?”

“நேத்துக்கா.”

“நேத்து வலி உயிர் போச்சு,” என்றாள். சொன்ன பிறகுதான் ஆசிரியர் பக்கத்தில் நிற்பது உறைத்தது.

“முட்டியா? ஏம்மா சொல்லல?”

“சொன்னா நாற்காலி போடுவீங்க. அதுக்குத்தான் தபால்காரர் இருக்காரே சார். ரெண்டு பேர் எதுக்குன்னு ஆபீஸ்ல கேப்பாங்க.”

அவர் படத்தை இன்னொரு முறை பார்த்தார். “இந்த மாசம் தபால்காரர் நிக்கட்டும். நடந்து பழகின காலு. நீங்க உட்காருங்க. அப்புறம் பாக்கலாம்.”

“அப்புறம்னா எப்போ சார்?”

அவர் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டார். சித்தி பக்கத்து முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பெண் தலைகுனிந்து பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

“கழுத்து நல்லா வந்திருக்குடி,” என்றாள் சித்தி.