நகம் வளர்கிற வரைக்கும்

என் தங்கையின் கல்யாணம் எழுபதுகளின் நடுவில் பொள்ளாச்சியில் நடந்தது. முந்தின நாள் சாயங்காலம் அவளுடைய காலேஜ் தோழிகள் மணப்பெண்ணுக்கு நெயில் பாலிஷ் போட்டுவிட்டு, மிச்சம் வீணாகிறதே என்று என் கையையும் பிடித்து இழுத்தார்கள். சீக்கிரம் உரியக்கூடாதென்று ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசினார்கள். நல்ல சிவப்பு. எல்லை தாண்டி, மலையாள தேசத்தில் நான் வாழ்க்கைப்பட்ட பெருமாட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் மகள் மடியில் தூங்க, நான் என் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்குப் பிடித்திருந்தது.

மகளுக்கு அப்போதுதான் சோறு ஊட்டத் தொடங்கியிருந்தோம். குழைந்த சோற்றில் பருப்பும் நெய்யும் விட்டு, விரலாலேயே மசித்து, துளித்துளியாக நாக்கில் வைக்கவேண்டும். வீடு வந்த மறுநாள் அப்படி வைக்கையில் அவள் என் விரலைக் கவ்விக்கொண்டாள். எடுத்துப் பார்த்தால் நகத்தின் ஓரத்தில் சிவப்பு கொஞ்சம் பெயர்ந்திருந்தது. அது அவள் வயிற்றுக்குள் போயிற்றா, பஸ்ஸிலேயே உதிர்ந்திருந்ததா, தெரியவில்லை. இந்தப் பூச்சில் என்னென்னவோ ரசாயனம் சேருகிறது என்று ஒரு வாரப் பத்திரிகையில் படித்தது மட்டும் நினைவுக்கு வந்தது.

அதை அழிக்கிற திரவம் பக்கத்து டவுனான சித்தூரில் ஃபேன்ஸி கடையில் கிடைத்திருக்கும். என் கணவர் அடுத்த நாள் சித்தூர் போவதாக இருந்தார். சொல்லி அனுப்பியிருக்கலாம். எனக்குப் பொறுக்கவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தேன். மங்கியதே தவிரப் போகவில்லை. அவருடைய சவர பிளேடை எடுத்து எல்லா விரலையும் சுரண்டினேன். சிவப்போடு சேர்ந்து வெள்ளைத் தூளும் உதிர்ந்தது. அது நகம்தான் என்று தெரிந்தும் நிறுத்தவில்லை.

நகங்கள் வெங்காயச் சருகு போல ஆகிவிட்டன. குடத்தைப் பிடித்தால் மடங்கின, புளி கரைத்தால் எரிந்தன. வலது கட்டைவிரலில் நகச்சுத்தி வந்து சீழ் வைத்தது.

கணவரின் அண்ணன் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவர்தான் எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு என் விரலில் செருகிவிட்டார்.

“ஏனம்மணி, படிச்ச புள்ள நீயி. பாலீசை எடுக்கறேன்னு நகத்தையே எடுத்துப்போட்டயே! நல்லவேளை, ஒதட்டுல ஒண்ணும் பூசி உடலை.”

“எரியுதுங்கக்கா.”

“எரியத்தான் செய்யும். சோத்தை இங்க குடு. சீழ் வெச்ச கையில புள்ளைக்கு ஊட்டுவாங்களா?”

அவர் சொன்னது சரிதான். தட்டைக் கொடுத்துவிட்டேன்.

சித்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கிப் போட்டார். சீழை எடுத்துக் கட்டுப் போட்டார். நகத்துக்கு மருந்து கிடையாது, அடியிலிருந்து புதிதாக வளர்ந்து வரவேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்று மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். ஒட்ட வெட்டித் தேங்காய் எண்ணெய் தடவவேண்டும், சோப்பும் பாத்திரம் விளக்குகிற சாம்பலும் படக்கூடாது, கூடியவரை தண்ணீரில் கை வைக்கக்கூடாது.

“தண்ணியில கை வெக்கப்படாதாமா!” என்று என் கணவர் வீட்டில் வந்து சிரித்தார். “ராணிக்குச் சொல்ற வைத்தியம்.”

“நீங்க சும்மா இருங்க தம்பி” என்றார் அக்கா. “ஏனம் நான் வெளக்கிக்கறேன். ராணி நகம் வளத்தட்டும்.”

கட்டைவிரல் புண் சீக்கிரமே ஆறிவிட்டது. அன்றே நான் ஊட்டத் தொடங்கியிருக்கலாம். ஆனால் நகங்களிலிருந்து செதில் செதிலாக இன்னும் உரிந்துகொண்டிருந்தது. சோற்றில் ஒன்று விழுந்துவிட்டால்? முழுதாக வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அலமாரியில் ஸ்பூன் இருந்தது. விருந்தாளிகளுக்குப் பாயசத்தோடு வைப்பது. எங்கள் வீட்டில் யாரும் குழந்தைக்கு ஸ்பூனால் ஊட்டியதில்லை. பாலுக்குச் சங்கு, சோற்றுக்குக் கை. ஸ்பூன் ஈறில் படுமென்று பயந்தேனா, அக்கா மனம் கோணும் என்று நினைத்தேனா, இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை. ஒரு ஸ்பூன்தானே.

சாயங்காலங்களில் எண்ணெய் தடவிக்கொண்டு வெளிச்சத்தில் விரலை நீட்டிப் பார்ப்பேன். அடியிலிருந்து வழவழப்பாக, இளஞ்சிவப்பாகப் புது நகம் ஏறி வரும். வெளுத்த சொரசொரப்பு நுனியை நோக்கித் தள்ளிப்போகும். வெட்ட வெட்டக் குறைந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில் மகள் வேறொன்றைப் பழகிக்கொண்டிருந்தாள். அக்கா தட்டை எடுத்தாலே வாயைத் திறந்துவிடுவாள்.

கட்டைவிரலின் கடைசிச் சொரசொரப்பையும் வெட்டிய அன்று, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு நானே சோறு மசித்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி நீட்டினேன். உதட்டை இறுக்கி மூடி, என் கையைத் தட்டிவிட்டு, அக்காவை நோக்கித் தவழ்ந்து போனாள்.

“ஏஞ்சாமி, அம்மா கையி தங்கம். வாங்கிக்கோ” என்றார் அக்கா. எதையும் கேலி செய்கிறவர், அன்று கேலி செய்யவில்லை.

மறுநாள் காலையில் துணிப்பையோடு வந்து நின்றார். “எங்கம்மா ஊட்டுக்கு நாலு நாள் போயிட்டு வாரேன். பசிச்சா வாங்கிக்குவா. நீ அழுவாம ஊட்டு.”

அன்று மத்தியானமும் ராத்திரியும் அவள் என்னிடம் பால் மட்டும் குடித்தாள். தட்டைக் கண்டால் அழுதாள். அடுத்த நாள் சாயங்காலம் வாயைத் திறந்தாள். வேகவேகமாக விழுங்கினாள். ஊட்டி முடித்துக் கை கழுவும்போதுதான் உறைத்தது, அவள் வாயைத் திறந்தது எனக்காக இல்லை என்று.

அக்கா திரும்பி வந்தபின் மகளுக்கு ஊட்டவே இல்லை. சோறு மசிக்கிற நேரம் பார்த்து, ஏதாவது வேலை சொல்லிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார். மகள் அடம் பிடிக்காமல் ஒவ்வொரு வாயாக வாங்கிக்கொள்வாள். மெல்லும்போது மட்டும் கண் கொட்டகைப் பக்கம் போகும். நான் கொஞ்சம் நகர்ந்து, அந்தப் பக்கத்தை மறைத்து உட்கார்ந்துகொள்வேன்.